உயிர் படைக்கப்பட்டதா, தானாக உருவானதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்கள் பாடம் தொடங்கும் நாளில் கடைசி வரிசையிலிருந்து யாராவது கேட்டுவிடுவார்கள்: “சார், அப்ப உயிர் தானா வந்துச்சா, கடவுள் படைச்சாரா?” ஒரே கேள்வி போலத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு கேள்விகள் சுருண்டு கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வகுப்பில் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். பக்தர்கள் கேட்டவையும் உண்டு, நாத்திக நண்பர்கள் கேட்டவையும் உண்டு. இரு தரப்புக்கும் பிடிக்காத பதில்களும் உண்டு.

பரிணாமமும் உயிரின் தோற்றமும் ஒன்றுதானே?

இல்லை. பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தால் வருவதுதான். ஏற்கெனவே இருக்கிற உயிர்களிலிருந்து புதிய இனங்கள் எப்படிக் கிளைக்கின்றன என்பதுதான் பரிணாமக் கொள்கை. டார்வின் 1859-இல் வெளியிட்ட நூல் அதைப் பற்றியது. முதல் உயிர் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க அவர் அதில் முயலவில்லை. 1871-இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில்தான், அம்மோனியாவும் பாஸ்பேட் உப்பும் ஒளியும் வெப்பமும் மின்சாரமும் சேர்ந்த வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றில் புரதச் சேர்மம் உருவாகியிருக்குமோ என்று ஓர் ஊகத்தைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

“முதல் செல் எப்படி வந்தது என்று தெரியவில்லை, எனவே பரிணாமம் பொய்” என்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. முதல் செல்லைக் கடவுளே வைத்தார் என்று ஒப்புக்கொண்டாலும், மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டு என்பதற்கான சான்றுகள் அப்படியே நிற்கும்.

ஆனால் “அது வேறு துறை, எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று நழுவுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தன்னைத்தானே நகலெடுக்கும் மூலக்கூறு ஒன்று வந்துவிட்டால், நகலில் பிழை வரும். பிழைகளில் சில மற்றவற்றைவிட நன்றாகப் பெருகும். செல் என்ற ஒன்று வருவதற்கு முன்பே இயற்கைத் தேர்வு வேலையைத் தொடங்கிவிடும்.

கடவுளை நம்புகிறவர்கள் எல்லோரும் படைப்புவாதிகளா?

இல்லவே இல்லை. படைப்புவாதத்திலேயே பல வகை. உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பவர்கள் ஒரு சாரார். பூமி பழையதுதான், ஆனால் ஒவ்வோர் உயிரினமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்பவர்கள் இன்னொரு சாரார். கடவுள் பெயரைச் சொல்லாமல் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்பவர்கள் மூன்றாவது.

முதல் சாரார் சொல்லும் கணக்குக்குப் புகழ்பெற்ற மூலம் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர். விவிலியத்தின் வம்ச வரலாறுகளைப் பண்டைய அரசர்களின் ஆட்சிக் காலத்தோடு ஒட்டவைத்துக் கணக்கிட்டு, கி.மு. 4004 அக்டோபர் 23 என்று 1650-இல் நாளே குறித்தார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அவர் காலத்தில் பழமையை அளக்க ஏடுகளை விட்டால் வேறு கருவி கிடையாது.

மறுபக்கம், பரிணாமத்தை ஏற்றுக்கொண்ட நம்பிக்கையாளர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டுப் பரிணாம உயிரியலின் தூண்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கிறிஸ்தவர். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸும் அப்படியே. போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் அறிவித்தார். ஆகவே ‘கடவுள் உண்டா’ என்பது ஒரு கேள்வி, ‘உயிர் எந்த வழியில் வந்தது’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள்.

பூமிக்கு இத்தனை கோடி வயது என்று எப்படிச் சொல்கிறார்கள்? யார் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை. ஆனால் கல்லுக்குள் கடிகாரம் இருக்கிறது. சிர்க்கான் என்ற படிகத்தை எடுத்துக்கொள்வோம். மணல் பருமன்தான் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியம் அணுக்களை உள்ளே சேர்த்துக்கொள்ளும்; ஈய அணுக்களைக் கிட்டத்தட்ட முழுமையாக ஒதுக்கிவிடும். யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாகும். ஆகவே இன்று அந்தப் படிகத்தில் ஈயம் இருந்தால், அது உள்ளேயே பிறந்த ஈயம். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

இதில் அழகு என்னவென்றால், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235-க்கு 70 கோடி ஆண்டுகள். வேகம் வேறு, முடிவில் வரும் ஈயத்தின் வகையும் வேறு. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால், படிகம் இடையில் சேதமடையவில்லை என்று பொருள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான்களில் மிகப் பழையதற்கு சுமார் 440 கோடி வயது.

பூமியின் வயதை விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு 455 கோடி என்று 1956-இல் வெளியிட்டவர் கிளேர் பேட்டர்சன். அளக்கப் போனவருக்குக் காற்றிலும் தூசியிலும் இருந்த ஈயம் பெரிய தொல்லை; அதைத் துரத்திப் போய், பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். பூமியின் வயதைக் கேட்கப் போய் நம் மூச்சுக்காற்று சுத்தமானது தனிக் கதை.

உயிரின் மிகப் பழைய சான்றுகளில் உறுதியானவை என்று பலர் ஏற்கும் நுண்ணுயிர்ப் படுகைப் பாறைகளும் மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே, பில்பராவில் இருக்கின்றன. வயது சுமார் 348 கோடி.

உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று பாஸ்டரே நிரூபித்துவிட்டாரே?

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் என்ன செய்தார் என்று பார்த்துவிடுவோம். குடுவையில் சத்துள்ள கரைசல். குடுவையின் கழுத்தைச் சூடாக்கி, அன்னத்தின் கழுத்துபோல வளைத்து நீட்டினார். கரைசலைக் கொதிக்கவைத்து அப்படியே விட்டார். காற்று தாராளமாக உள்ளே போகலாம். தூசி மட்டும் வளைவில் தங்கிவிடும். கரைசல் கெடவில்லை. குடுவையைச் சாய்த்து, வளைவில் இருந்த தூசியைக் கரைசல் தொடும்படி செய்தால் சில நாளில் கலங்கிவிட்டது. காற்றில் ‘உயிர்ச் சக்தி’ எதுவும் இல்லை, தூசியோடு நுண்ணுயிர்கள்தான் வருகின்றன என்பது தெளிவாயிற்று. இதற்கு 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசும் பெற்றார். அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, 1668-இல், பிரான்செஸ்கோ ரெடி இறைச்சி ஜாடியைத் துணியால் மூடி, புழுக்கள் ஈயின் முட்டையிலிருந்துதான் வருகின்றன என்று காட்டியிருந்தார்.

இவை மறுத்தது எதை? முழு வளர்ச்சி பெற்ற நுண்ணுயிரோ புழுவோ சில நாளில் அழுகலிலிருந்து தோன்றும் என்ற நம்பிக்கையை. இன்று எந்த வேதியியலாளரும் அதைச் சொல்லவில்லை. உயிரே இல்லாத, காற்றில் ஆக்சிஜன் இல்லாத ஒரு கோளில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு குடுவைக் கரைசல் பதிலாகாது. இப்போது ஏன் புதிதாக உயிர் தோன்றவில்லை என்றும் கேட்பார்கள். இன்று அப்படி ஏதாவது உருவானால் உடனே எதுவோ தின்றுவிடும். இதையும் டார்வின் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

மில்லர் ஆய்வகத்தில் உயிரை உருவாக்கிவிட்டாராமே?

இது பகுத்தறிவு மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். தவறு. அவர் உருவாக்கியது அமினோ அமிலங்களை.

1952-இல் ஸ்டான்லி மில்லர் ஆராய்ச்சி மாணவர். ஆசிரியர் ஹெரால்ட் யூரே. கண்ணாடிக் குழாய்களால் இணைந்த இரண்டு குடுவைகள். கீழ்க் குடுவையில் தண்ணீர் கொதிக்கும். நீராவி மேலேறி மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களோடு கலக்கும். மேல் குடுவையில் மின்பொறி தெறித்துக்கொண்டே இருக்கும். பிறகு குளிர்ந்து நீராகிக் கீழே திரும்பும். முதல் நாள் முடிவில் தண்ணீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் அடர்சிவப்பாகிக் கலங்கிவிட்டது. அதில் ஒரு சொட்டைத் தாளில் வைத்துப் பிரித்து அமினோ அமிலங்களை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் நின்ஹைட்ரினைத் தெளித்தபோது கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்களின் புள்ளிகள் எழுந்தன. நின்ஹைட்ரின் தாளில் ஊதாப் புள்ளி மெல்ல மெல்லத் தெரிவதை நானே பலமுறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அன்று அந்தப் புள்ளியைப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். 1953-இல் வந்த கட்டுரையில், பெயர் மாணவருக்கே போகட்டும் என்று யூரே தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

குறை உண்டா? உண்டு. ஆதி பூமியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே அதிகம் இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் பலரும் முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கலவையில் விளைச்சல் குறைவு. ஆனால் மில்லரின் குடுவையோடு கதை முடியவில்லை. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023-இல் விண்கலம் கொண்டுவந்த மண்ணில், நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14-உம், மரபுத் தகவலைச் சுமக்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ மூலக்கூறுகளின் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருப்பதாக 2025-இல் அறிவித்தார்கள். யாரும் குடுவை வைக்காத இடத்திலும் இந்தச் சேர்மங்கள் உருவாகின்றன.

செங்கல் கிடைப்பது கடினமில்லை என்பது இதனால் உறுதியாகிறது. வீடு எப்படி எழுந்தது என்பது அப்படியே பாக்கி.

தற்செயலாக ஒரு புரதம் உருவாகும் வாய்ப்பே பூஜ்யம்தானே?

கணக்கு இப்படிப் போகும். நூறு அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். ஒவ்வோர் இடத்துக்கும் 20 தேர்வு. சாத்தியமான வரிசைகள் மொத்தம் 1-க்குப் பின் 130 பூஜ்யம். உயிர் இப்படித் தற்செயலாக வருவது, பழைய இரும்புக் கிடங்கில் சூறாவளி வீசி போயிங் 747 விமானம் உருவாவதற்கு ஒப்பு என்றார் வானியலாளர் பிரெட் ஹாய்ல். அவர் வேதத்தின் சார்பில் பேசியவர் அல்ல; உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று சந்திரா விக்கிரமசிங்கவோடு சேர்ந்து வாதாடியவர்.

கூட்டல் பெருக்கலில் தவறில்லை. ஒரே ஒரு புரதம்தான் இலக்கு, ஒரே வீச்சில் முழுதாக வர வேண்டும் என்ற அனுமானத்தில்தான் தவறு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

இருபது பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீச்சில் இருபதும் ஆறு விழ வேண்டும் என்றால், விநாடிக்கு ஒரு முறை எறிந்தாலும் சராசரியாக 11 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆறு விழுந்தவற்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் மறுபடி எறிந்தால்? சுமார் இருபது வீச்சில் முடிந்துவிடும்.

ஒரு முறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “ஆறு விழுந்ததை எடுத்து வைக்கிற கை யாருடையது சார்?” இந்தத் தலைப்பில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். நகலெடுக்கும் மூலக்கூறு வந்த பிறகு அந்தக் கை இயற்கைத் தேர்வு. அதற்கு முன்? களிமண் பரப்பில் சில மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும், சில கரைந்து போகும்; சில புற ஊதா ஒளியில் சிதையும், சில தாங்கும்; கொழுப்பமிலங்கள் நீரில் தாமாகவே குமிழிகளாகி எதையாவது உள்ளே அடைத்துக்கொள்ளும். இப்படிச் சலித்தெடுக்கும் வேதியியல் இருக்கிறது. அது நகலெடுக்கும் கட்டம்வரை போதுமானதாக இருந்ததா என்பதை இன்னும் யாரும் காட்டி முடிக்கவில்லை.

டிஎன்ஏ உருவாகப் புரதம் வேண்டும், புரதம் உருவாக டிஎன்ஏ வேண்டும். கோழியா முட்டையா?

இரண்டும் இல்லாமல் ஆர்என்ஏ முதலில் வந்திருக்கலாம் என்பது இப்போது பலரும் சாயும் பக்கம். ஆர்என்ஏவால் தகவலையும் சுமக்க முடியும், நொதிபோல வேதிவினையையும் நடத்த முடியும் என்று கண்டுபிடித்ததற்காக தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் நோபல் கிடைத்தது.

இதைவிட வலுவான சான்று நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்ததற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆதா யோனத் மூவரும் 2009-இல் நோபல் பெற்றார்கள். அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் அந்த மையத்தில் வேலை செய்வது புரதம் அல்ல, ஆர்என்ஏ. எல்லா உயிர்களிலும் புரதத்தைச் செய்யும் இயந்திரத்தின் இதயம் ஆர்என்ஏவாக இருப்பது, பழைய வீட்டை இடிக்காமல் மேலே மாடி கட்டிக்கொண்டே போனதுபோல இருக்கிறது.

அதே 2009-இல் ஜான் சதர்லாந்து குழுவினர், எளிய சேர்மங்களிலிருந்து ஆர்என்ஏவின் நான்கு அலகுகளில் இரண்டை உருவாக்கும் வழியைக் காட்டினார்கள். ஆனால் ஆதி பூமியை ஒத்த சூழலில், வெளி உதவியின்றித் தன்னைத்தானே முழுதாக நகலெடுத்துக்கொண்டே போகும் ஆர்என்ஏவை இதுவரை எவரும் உருவாக்கவில்லை. இதைச் சொல்லாமல் விடுகிறவர் பாதிக் கதைதான் சொல்கிறார்.

எங்கே தொடங்கியது? கடலிலா, குட்டையிலா?

ஆய்வாளர்களே அடித்துக்கொள்கிறார்கள். 2000-இல் அட்லாண்டிக் கடலடியில் கண்ட காரத்தன்மை கொண்ட வெந்நீர் ஊற்றுகளைக் காட்டி, அங்கே இயற்கையாகவே ஆற்றல் கிடைக்கிறது என்பார்கள் ஒரு பிரிவினர். கடலில் எல்லாம் நீர்த்துப் போகும், நீர் நிரம்பிக் காய்ந்து மறுபடி நிரம்பும் குட்டைகளில்தான் மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும் என்பார்கள் மற்றவர்கள். என் சாய்வு குட்டைப் பக்கம். வேதியியல்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி ஒழுங்கு தானாக வராது என்கிறதே?

வெளியிலிருந்து ஆற்றலோ பொருளோ வராத, தனித்த அமைப்புக்குத்தான் அப்படிச் சொல்கிறது. பூமிக்கு மேலே சூரியன் இருக்கிறது. இந்த வாதம் சரியென்றால் விதை மரமாகவும் முடியாது.

செல்லின் நுட்பத்தைப் பார்த்தால் வடிவமைத்தவர் ஒருவர் இருப்பது தெரியவில்லையா?

பழைய, மனதைத் தொடுகிற வாதம். தரையில் கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவர் நினைவுக்கு வருகிறாரே என்று 1802-இல் வில்லியம் பேலி எழுதினார். 1996-இல் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி அதற்குப் புது உருவம் கொடுத்தார்: பாக்டீரியாவின் வால் இழையைச் சுழற்றும் மோட்டாரில் ஒரு பாகம் குறைந்தாலும் ஓடாது, ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது.

‘ஓடாது’ என்பது சரி. ஆனால் பாகம் குறைந்தால் வேறு வேலைக்கும் உதவாதா? சில நோய்க்கிருமிகள், நம் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்த ஊசி போன்ற ஓர் அமைப்பை வைத்திருக்கின்றன. அதன் புரதங்கள் பல அந்த மோட்டாரின் அடிப்பகுதிப் புரதங்களுக்கு உறவு. பாதி மோட்டார் மோட்டாராக ஓடாவிட்டாலும் ஊசியாக வேலை செய்யும்.

இது 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டோவர் என்ற ஊரின் பள்ளியில் அறிவார்ந்த வடிவமைப்பைச் சொல்லித்தருவது பற்றிய வழக்கில் நீதிமன்றம் ஏறியது. அங்கே வெளிவந்த ஒரு அச்சுப்பிழையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பரிணாமம் கற்பித்தால் ‘படைப்பு அறிவியலும்’ கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகு ஒரு பள்ளிப் பாடநூலின் கைப்பிரதியில் ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ (படைப்புவாதிகள்) என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டிசைன் புரோபோனன்ட்ஸ்’ (வடிவமைப்பு ஆதரவாளர்கள்) என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு ‘சிடிசைன் புரோபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று நின்றுவிட்டது. படைப்புவாதத்துக்கும் வடிவமைப்புவாதத்துக்கும் இடைப்பட்ட புதைபடிவம் கிடைத்துவிட்டது என்று உயிரியலாளர்கள் சிரித்தார்கள். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார்.

அறிவியலால் விளக்க முடியாத இடத்தில் கடவுளை வைப்பதில் என்ன தவறு?

அறிவியலுக்கு நட்டமில்லை, கடவுளுக்குத்தான் இடம் சுருங்கிக்கொண்டே போகும். உயிருள்ளவற்றின் சேர்மங்களை உயிர்ச் சக்தி இல்லாமல் செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 1828-இல் பிரீட்ரிக் வோலர் சாதாரண உப்புகளிலிருந்து யூரியாவைச் செய்துவிட்டார். நம் அறியாமையின் ஓட்டையை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தக் கூடாது என்று 1944-இல் சிறையிலிருந்து எழுதியவர் நாத்திகர் அல்ல. நாஜிகள் தூக்கிலிட்ட பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர்.

இன்னொன்று. அறிவியல் இயற்கைக் காரணத்தை மட்டும் தேடுவது நாத்திகம் அல்ல, வேலை செய்யும் முறை. மோட்டார் நின்றுவிட்டால் எலக்ட்ரீஷியன் ஒயரைத்தான் பார்ப்பார், அவர் எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும்.

நாளை விஞ்ஞானிகள் செல்லைச் செய்துவிட்டால், செய்வதற்கு ஓர் அறிவு தேவை என்றுதானே ஆகும்?

குளிர்பெட்டியில் ஐஸ் செய்கிறோம். அதனால் துருவப் பனிக்கும் யாரோ குளிர்பெட்டி வைத்தார்கள் என்று ஆகாது. என்றாலும் இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான குத்தல் இருக்கிறது. பல ஆய்வுகளில் சுத்திகரித்த வேதிப்பொருளைச் சரியான நேரத்தில் சரியான அளவில் ஊற்றுவது ஆய்வாளரின் கைதான். ஆதி பூமியில் அந்தக் கை இல்லை. இந்தக் குறையை முதலில் சொல்கிறவர்கள் சக வேதியியலாளர்களே.

கிரெய்க் வென்டர் குழு 2016-இல் 473 மரபணுக்கள் மட்டும் கொண்ட செல்லை உருவாக்கியதையும் இங்கே இழுப்பார்கள். அங்கே மரபணுத் தொகுதிதான் செயற்கை. அதை வைத்தது ஏற்கெனவே உயிரோடிருந்த செல்லில். அந்த 473-இல் 149 என்ன வேலை செய்கின்றன என்று அப்போது அவர்களுக்கே தெரியவில்லை.

நீங்கள் எந்தப் பக்கம் சார்?

உயிர் வேதியியலிலிருந்து வந்தது என்ற பக்கம். வழி முழுதாகத் தெரிந்ததால் அல்ல. தெரிந்த ஒவ்வொரு துண்டும் அந்தத் திசையைக் காட்டுவதால், அதோடு தவறென்றால் தவறு என்று காட்ட அந்தப் பக்கத்தில் சோதனை இருப்பதால்.

இன்னும் பிடிபடாத ஒன்றைச் சொல்லுங்கள்.

இடது, வலது. உங்கள் இரண்டு கைகளும் ஒரே மாதிரி, ஆனால் இடக்கை உறை வலக்கையில் ஏறாது. கிளைசின் தவிர, நம் புரதங்களில் உள்ள மற்ற அமினோ அமிலங்களும் அப்படி இரண்டு வடிவில் வரக்கூடியவை. மில்லரின் குடுவையில் இரண்டும் சரிபாதி. ஆனால் உயிர்களின் புரதங்களில் இடக்கை வடிவம்தான். ஏன்?

மர்ச்சிசன் விண்கல்லின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. சாய்வு விண்வெளியிலேயே தொடங்கிவிட்டது போலும் என்று நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். பென்னு மண்ணைப் பிரித்துப் பார்த்தால் இடமும் வலமும் ஏறக்குறையச் சமம். அந்தக் குறிப்பை என் பாடக் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன். பக்கத்தில் புதிதாக எதுவும் எழுதவில்லை.